பம்புக்குக் கொண்டுபோன மாம்பழங்கள்

தொலைபேசியில் யார் கதைத்தாலும் நான் "ஓம்" என்றுதான் சொல்லுவேன். என்ன கேட்டாலும் ஓம். கதை கெதியாக முடிந்து, போனைக் கீழே வைத்தால் போதும் என்று இருக்கும். அதனால் பெரிய நட்டம் ஒன்றும் வந்ததில்லை. ஒருமுறை ஒரு காஸ் சிலிண்டருக்குப் பதிலாக இரண்டு வந்து வாசலில் இறங்கியது, அவ்வளவுதான். ஆனால் மகளின் வீட்டுக்குக் கொங்கிறீட் போட்ட வருடம் அந்த ஓம் என்னை நாலு நாள் சரியாகச் சாப்பிடவும் விடவில்லை, நித்திரை கொள்ளவும் விடவில்லை.

எங்கள் வீடு உடுப்பிட்டியில், பெரிய றோட்டிலிருந்து உள்ளே போகும் ஒரு ஒழுங்கையில். மகள் பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறாள். மருமகனுக்கு வவுனியாவில் வேலை, கிழமைக்கு ஒருமுறை வருவார். பழைய ஓட்டு வீட்டுக்குப் பக்கத்தில் மூன்று அறையும் ஒரு விறாந்தையுமாகப் புது வீடு எழும்பிக்கொண்டிருந்தது. சுவர் முடிந்து, மேலே பலகை அடித்து, கம்பியும் கட்டியாயிற்று. கூரைக்குக் கொங்கிறீட் போடுவது மட்டும் மிச்சம்.

அதற்குப் பம்ப் பிடிக்கவேண்டும் என்று சொன்னவர் மேசன்தான். அவர் எங்கள் ஊர், ஐம்பது வயது தாண்டியவர். என்னை அக்கா என்பார்.

"பம்போ? அது பெரிய கட்டிடக்காரர் எல்லோ பிடிக்கிறது?" என்று மகள் கேட்டாள்.

"அந்தக் காலம் போட்டுது பிள்ளை. தாச்சி குடுக்க முப்பது பேர் வேணும். ஆடி முடிஞ்ச உடனை ஊர் முழுக்க ஒண்டாய்க் கொங்கிறீட் போடும். ஆக்களுக்கு எங்கை போறது? முப்பது பேருக்குச் சொன்னால் இருபது பேர் வருவினம். இருபதிலை ஐஞ்சு பேர் மத்தியானச் சாப்பாட்டுக்கு முதல் காணாமல் போயிடுவினம்."

"சாப்பிட்டிட்டுப் போறதெண்டால் விளங்குது. சாப்பாட்டுக்கு முதல் ஏன் போகினம்?"

"பக்கத்து ஒழுங்கையிலை ஆட்டிறைச்சி எல்லோ. இஞ்சை மரக்கறி."

தாச்சி என்பது கலவை சுமக்கிற இரும்புச் சட்டி. கீழே நிற்பவன் மேலே நிற்பவனுக்குக் கொடுக்க, அவன் அடுத்தவனுக்குக் கொடுக்க, கைமாறிக் கைமாறிக் கூரைக்குப் போகும். பம்ப் என்றால் அது வேண்டாம். லொறியில் குழைத்த கலவை வரும், பம்ப் அதைக் குழாய்க்குள்ளால் தள்ளி மேலே ஏற்றிவிடும். மகள் ஒரு கொப்பித் தாளை எடுத்து முப்பது பேரின் சம்பளம், சாப்பாடு, இரண்டு நேரத் தேத்தண்ணி எல்லாம் எழுதிக் கூட்டினாள். பிறகு கொடிகாமத்தில் பம்ப் வைத்திருக்கும் ஒருவரை விசாரித்தாள். நாலு மணித்தியாலத்துக்கு நாற்பத்தையாயிரம். அதற்கு மேல் போனால் ஒவ்வொரு மணித்தியாலத்துக்கும் எட்டாயிரம். நாலு மணித்தியாலத்துக்குள் முடிந்தால் பம்ப்தான் மலிவு. மேசன் மூன்றரையில் முடிப்பேன் என்றார்.

தாளை மடித்து வைத்துவிட்டு மகள் என்னிடம் சொன்னாள்.

"அம்மா, வளையல், சங்கிலி எல்லாம் காசுக்கு அடைவு வைச்சாச்சு. இந்த நாப்பத்தையாயிரத்தோடை கை துடைச்சமாதிரி. இதுக்கு மேலை ஒரு பத்தாயிரம் வந்தாலும் கொடியைத்தான் கொண்டுபோய் வைக்கவேணும்."

கொடி என்றால் அவளுடைய தாலிக்கொடி. கம்பி வாங்கியபோதும் சீமெந்து வாங்கியபோதும் அதை மட்டும் தொடாமல் வைத்திருந்தாள். ஆவணிக் கடைசியில் மருமகனின் தங்கைக்குக் கலியாணம். மூத்த மருமகள் கொடியில்லாமல் போய்ச் சபையில் நின்றால், ஒருவரும் வாயால் கேட்கமாட்டார்கள். கழுத்தைப் பார்ப்பார்கள்.

கொங்கிறீட் போட ஆவணி முதல் புதன்கிழமை நல்ல நாள் என்று கோயில் ஐயர் சொன்னார். நேரம் கேட்டு வரப்போனது நான். அவர் இரண்டு நேரம் எழுதித் தந்தார். ஒன்று விடிய ஐந்து முப்பத்தைந்திலிருந்து ஆறு இருபது வரை. மற்றது ஒன்பது நாற்பதிலிருந்து பத்தே முக்கால் வரை.

"முதலாவதுதான் திறம். உங்கடை வசதியைப் பாருங்கோ," என்றார்.

நான் வரும் வழியிலேயே யோசித்தேன். விடிய ஐந்தரைக்கு மேசனையும் ஆட்களையும் வரச் சொல்வது எப்படி? அவர்கள் வீடுகளில் அதற்கு முன்னரே எழும்பவேண்டும். அதை நான் வாயால் கேட்கவேண்டும். நினைக்கவே வெட்கமாக இருந்தது. வீட்டுக்கு வந்து மகளிடம் ஒன்பதே முக்கால் என்று மட்டும் சொன்னேன். மற்ற நேரத்தைப் பற்றி மூச்சும் விடவில்லை.

"சரி. பம்ப்காரர் நாளைக்கு எடுப்பார் அம்மா. நான் வகுப்பிலை நிப்பன், கதைக்க ஏலாது. போனை வைச்சிட்டுப் போறன். ஒன்பதரைக்கு வந்தால் காணும் எண்டு சொல்லுங்கோ. அவ்வளவுதான்."

வெள்ளிக்கிழமை பத்து மணிபோல அந்தப் போன் அடித்தது. பின்னால் ஏதோ இயந்திரம் இரைந்துகொண்டிருந்தது. அந்த இரைச்சலையும் மீறிக் கத்திக்கொண்டு ஒரு ஆள், மூச்சு விடாமல் கதைத்தார்.

"உடுப்பிட்டியோ? வணக்கம் அம்மா. ஆவணி முதல் புதன் உங்களுக்குப் போட்டிருக்கு. பின்னேரம் எனக்கு வரணியிலை வேலை. அதாலை உங்களிட்டை காலமை ஏழுக்கு வந்திடுவன். ஏழிலை இருந்துதான் மணித்தியாலம் பிடிப்பன். சரியோ?"

"ஓம்."

"ஆக்கள் ஆயத்தமாய் நிப்பினமோ?"

"ஓம்."

"அப்ப ஏழு மணி. எழுதிப்போட்டன் அம்மா. பிறகு மாத்த ஏலாது, சொல்லிப்போட்டன்."

"ஓம்."

போனை வைத்த பிறகுதான் எனக்கு அவர் சொன்னது விளங்கியது. குசினிக்குள் போய் விரல் விட்டு எண்ணிப் பார்த்தேன். ஏழிலிருந்து பதினொன்று வரை நாலு மணித்தியாலம். நாங்கள் தொடங்குவது ஒன்பதே முக்காலுக்கு. அதிலிருந்து மூன்றரை மணித்தியாலம் என்றால் முடிய ஒன்றேகால். மேலதிகமாக இரண்டேகால். அவர்கள் அதை மூன்றாகத்தான் பிடிப்பார்கள். இருபத்துநாலாயிரம் ரூபாய். பம்ப் சும்மா ஒழுங்கையில் நிற்பதற்கு மட்டும் இருபத்துநாலாயிரம். அது நேரே மகளின் கழுத்திலிருந்துதான் போகவேண்டும்.

பின்னேரம் மகள் வந்து, "கதைச்சவரோ?" என்றாள்.

"ஓம்," என்றேன்.

"ஒன்பதரைக்கு வாறாராமோ?"

"வாறாராம்," என்றேன். அது முழுப் பொய்யும் இல்லை. வருகிறார்தானே.

அடுத்த நாளும் அதற்கு அடுத்த நாளும் மகள் குளிக்கப் போகும் நேரம் பார்த்து அந்த இலக்கத்துக்கு எடுத்தேன். எடுத்து, மணி அடிக்கும்போதே நிற்பாட்டிவிடுவேன். ஒருமுறை அவர் எடுத்துவிட்டார். "ஆர்? ஆர் அது? கதைக்க மாட்டீரோ?" என்று கத்தினார். நான் போனைத் தலையணைக்குக் கீழே வைத்து அதன் மேல் கையையும் வைத்துக்கொண்டேன். போனில் எனக்குச் சரிவராது என்று விளங்கிவிட்டது. முகத்துக்கு நேரே போய்க் கேட்டால் ஒருவேளை வாய் திறக்கும்.

செவ்வாய்க்கிழமை மகள் பள்ளிக்கூடம் போன கையோடு வெளிக்கிட்டேன். கொங்கிறீட்டுக்கு இன்னும் எட்டு நாள் இருந்தது. வெறுங்கையோடு போய் ஒருவரிடம் உதவி கேட்க எனக்குத் தெரியாது. எங்கள் கறுத்தக்கொழும்பான் மாமரத்தில் கடைசிப் பழங்கள் பறித்து வைத்திருந்தோம். நல்லதாக இருபது பழம் பொறுக்கி ஒரு பனையோலைக் கடகத்தில் அடுக்கி, மேலே ஒரு துணியைப் போட்டுக் கட்டினேன். நெல்லியடிக்குப் போய்க் கொடிகாமம் பஸ் ஏறினேன். வழி முழுக்க, கடகத்தை மடியில் வைத்துக்கொண்டு, சொல்லவேண்டியதை மனதுக்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்தேன். முள்ளியில் பஸ் கடல்நீரேரியைக் கடக்கும்போது எல்லாம் பாடமாகிவிட்டது. கொடிகாமத்தில் இறங்கியதும் எல்லாம் மறந்துபோயிற்று.

பம்ப்காரரின் வளவு பெரிய றோட்டில்தான் இருந்தது. தகரப் படலை. உள்ளே மஞ்சள் நிறத்தில் இயந்திரங்களும், அடுக்கி வைத்த இரும்புக் குழாய்களும். நான் படலையடியில் போய் நின்றேன். கூப்பிடவேண்டும் என்று நினைக்கிறேன், சத்தம் வரவில்லை. கடகத்தை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினேன். அந்தக் கையிலிருந்து இந்தக் கைக்கு மாற்றினேன். எவ்வளவு நேரம் நின்றேனோ தெரியாது. உள்ளே இருந்த சின்ன அலுவலக அறையிலிருந்து ஒரு பெண் எட்டிப் பார்த்தாள். நாற்பது வயது இருக்கும், காதில் பேனை செருகியிருந்தாள். பிறகு தெரிந்தது, பம்ப்காரரின் மனைவி. பற்றுச்சீட்டு எழுதுவது அவள்தான்.

"ஆச்சி, என்ன மாம்பழமோ? கறுத்தக்கொழும்பானோ?"

"ஓம்," என்றேன்.

"உள்ளுக்குக் கொண்டு வாங்கோ பாப்பம்."

கொண்டுபோனேன். அவள் துணியை விலக்கி ஒரு பழத்தை எடுத்து மணந்து பார்த்தாள்.

"நல்ல பழம். என்ன விலை சொல்லுறியள்?"

கொடிகாமம் சந்தை பக்கத்திலேயே இருக்கிறது. கடகத்தோடு வாசலில் நிற்கும் கிழவியை அவள் வேறு என்னவென்று நினைப்பாள்?

"நீங்கள் பாத்து..." என்றேன்.

"உது சரிவராது ஆச்சி. விலையைச் சொல்லுங்கோ. சந்தையிலை நூற்றைம்பதுக்குக் குடுக்கிறாங்கள். நான் நூறு தாறன். முழுக்க எடுக்கிறன். சம்மதமோ?"

"ஓம்."

அவள் பழங்களை எண்ணி ஒரு பெட்டிக்குள் போட்டு, இரண்டு ஆயிரம் ரூபாய்த் தாள்களை என் கையில் வைத்தாள். "அடுத்த முறையும் இஞ்சை கொண்டு வாங்கோ ஆச்சி, சந்தைக்குள்ளை போய் அலையாதையுங்கோ," என்று அன்பாகவும் சொன்னாள். நான் தலையாட்டிவிட்டு வெறும் கடகத்தோடு றோட்டுக்கு வந்துவிட்டேன்.

பஸ் நிற்கும் இடத்தில் நின்று அழுகை வரப் பார்த்தது. வந்த காரியம் என்ன, செய்த காரியம் என்ன? பருத்தித்துறை பஸ் வந்து நின்றது. "ஏறுங்கோ அம்மா, ஏறுங்கோ," என்று நடத்துநர் அவசரப்படுத்தினார். நான் ஒரு காலைத் தூக்கிப் படியில் வைத்தேன். உள்ளங்கைக்குள் அந்த இரண்டு தாள்களும் வியர்த்து நனைந்திருந்தன. இதை வைத்துக்கொண்டு போக முடியாது. விற்காத பழத்துக்குக் காசு. இதைத் திருப்பிக் கொடுக்கவேண்டும். அப்படி நினைத்தபோது நெஞ்சுக்குள் ஏதோ இலேசாயிற்று. எனக்கு எப்போதும் முதல் வசனம்தான் வராது. இப்போது ஒரு முதல் வசனம் கையில் இருக்கிறது. காலைக் கீழே எடுத்தேன். நடத்துநர் ஏதோ பேசிக்கொண்டே மணியடித்துப் போனார்.

திரும்பிப் போனபோது பம்ப்காரரும் வந்திருந்தார். பெரிய உருவம், உடம்பெல்லாம் சீமெந்துத் தூசி. வாங்குப் பலகையில் உட்கார்ந்து ஒரு மாம்பழத்தைத் தோலோடு கடித்துக்கொண்டிருந்தார்.

"என்ன ஆச்சி, காசு குறையுதோ?" என்று மனைவி கேட்டாள்.

"இல்லைப் பிள்ளை. அது விக்கிற மாம்பழம் இல்லை. இந்தாங்கோ காசு."

"அப்ப என்ன மாம்பழம்?"

"உங்களுக்குச் சும்மா கொண்டுவந்தது."

"எனக்கோ? ஆர் தந்துவிட்டது?"

"ஒருத்தரும் இல்லை. நான்தான். பம்புக்காக."

அவள் புருசனைப் பார்த்தாள். அவர் கடிப்பதை நிறுத்திவிட்டார்.

"நான் ரெண்டாவதும் தின்னத் தொடங்கிப்போட்டனே," என்றார். குரலைக் கேட்டதும் போனில் கத்தியவர் இவர்தான் என்று தெரிந்துகொண்டேன்.

"புதன்கிழமை இல்லை, அதுக்கு அடுத்த புதன். உடுப்பிட்டி. ஏழு மணி," என்றேன். "நான்தான் ஓம் எண்டது."

"ஓ, உடுப்பிட்டி அம்மாவோ? அதுக்கென்ன, வருவம்தானே."

"ஏழுக்கு வரக்கூடாது."

இவ்வளவு தெளிவாக ஒரு ஆம்பிளைக்கு முன்னால் நான் ஒன்றும் சொன்னதில்லை. அந்தப் பெண் ஒரு கதிரையை இழுத்துப் போட்டு என்னை இருத்தினாள். நல்ல நேரத்தையும், ஓம் சொன்னதையும், இருபத்துநாலாயிரத்தையும் தலைகீழாகவும் குறுக்காகவும் சொல்லி முடித்தேன். கொடியைப் பற்றியும் சொல்லிவிட்டேன். அதைச் சொல்லவேண்டும் என்று நினைக்கவில்லை, வந்துவிட்டது.

"ஒன்பதே முக்காலுக்குத்தான் நேரம் எண்டு அண்டைக்கே சொல்லியிருக்கலாமே அம்மா," என்றார் அவர்.

"நீங்கள் கேக்கேல்லை."

"இஞ்சேருங்கோ, நீங்கள் ஆரைக் கதைக்க விட்டனீங்கள்?" என்று மனைவி இடையில் புகுந்தாள். "போனை எடுத்தால் ஆகாசவாணி மாதிரி நீங்களே சொல்லி நீங்களே முடிப்பியள்."

"நீர் பேசாமல் இரும். அப்ப, எடுத்து எடுத்து நிப்பாட்டினதும் நீங்களோ அம்மா?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"ஐயோ, ஆரோ பகிடி விடுறாங்கள் எண்டு நினைச்சு ஒருக்கால் நல்லாய்ப் பேசிப்போட்டன்."

"கேட்டனான்," என்றேன்.

அந்தப் பெண் சிரித்துச் சிரித்துக் காதிலிருந்த பேனையைக் கீழே விழுத்திவிட்டாள். அவர் சிரிக்கவில்லை. கையைக் கழுவிவிட்டு வந்து எனக்கு முன்னால் இருந்தார்.

"அம்மா, உண்மையைச் சொல்லுறன். ஒன்பதரைக்கு என்னாலை வர ஏலாது. உங்களிட்டை ஒண்டேகால் வரை நிண்டால் வரணிக்காரர் என்னை வெட்டுவினம். அவைக்கும் நல்ல நேரம் இருக்குத்தானே. பம்ப் சும்மா நிண்டாலும் ஆக்களுக்குச் சம்பளம், அடுத்த வேலை பிந்துது. அதுதான் அந்த எட்டாயிரம். உங்களுக்கெண்டு கூட்டினதில்லை."

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. அதனால் எனக்கு இன்னும் பயமாகிவிட்டது. அநியாயம் என்றால் கெஞ்சலாம்.

"ஐயர் வேறை நேரம் ஒண்டும் தரேல்லையோ?" என்று மனைவி கேட்டாள்.

"தந்தவர். விடிய ஐந்து முப்பத்தைஞ்சு."

"அது நல்ல நேரம் இல்லையோ?"

"அதுதான் திறம் எண்டவர்."

"அப்ப ஏன் ஆச்சி...?"

"அவ்வளவு வெள்ளண்ண வாங்கோ எண்டு மேசனிட்டைச் சொல்ல வெக்கமாய்க் கிடந்தது."

இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். பிறகு பம்ப்காரர் தொடையில் அடித்துச் சிரித்தார். தகரப் படலை அதிர்ந்தது என்று சொன்னால் கூடச் சொல்வதாக இருக்கும், ஆனால் வெளியே வேலை செய்துகொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"அம்மா, விடிய ஒரு தாச்சி. ஒரே ஒரு தாச்சி கையாலை குழைச்சு, மேலை கொண்டுபோய் மூலையிலை போட்டால் நல்ல நேரத்திலை தொடங்கினதாய்ப் போச்சு. அதுக்கு மேசன் ஒராள் காணும். மற்றவை ஏழுக்கு வரட்டும், நானும் ஏழுக்கு வாறன். எத்தினை வீட்டிலை இப்பிடித்தான் செய்யினம்."

எனக்கு நெஞ்சிலிருந்து ஒரு கல் இறங்கியது. கண்ணும் கலங்கிவிட்டது. உடனே அவர், "பொறுங்கோ, இன்னொண்டு இருக்கு," என்றார். திரும்பவும் கல் ஏறிவிட்டது.

"நூறு அடிக் குழாய் வரைக்கும்தான் அந்த நாப்பத்தையாயிரத்துக்குள்ளை. கூடினால் ஒவ்வொரு குழாய்க்கும் தனிக் காசு. பம்ப் உங்கடை ஒழுங்கைக்குள்ளை வராது, றோட்டிலைதான் நிப்பாட்டவேணும். றோட்டிலை இருந்து வீடு எவ்வளவு தூரம்?"

இதை ஒருவரும் எங்களுக்குச் சொல்லவில்லை. அடிக்கணக்கு எனக்குத் தெரியாது. ஆனால் அந்த ஒழுங்கையை நான் நாள்தோறும் கூட்டுகிறவள்.

"என்ரை காலடியிலை ஐம்பத்திரண்டு," என்றேன். "றோட்டிலை இருந்து புது வீட்டுச் சுவர் மட்டும்."

"அப்ப நடவுங்கோ."

"எங்கை?"

"இஞ்சைதான். வீட்டிலை நடக்கிறமாதிரி நடவுங்கோ. நான் அளக்கிறன்."

அளவு நாடாவின் ஒரு நுனியை மனைவி பிடித்துக்கொண்டாள். நான் செருப்பைக் கழற்றிவிட்டு நடந்தேன். குழாய் கழுவிக்கொண்டிருந்த ஆட்கள், லொறிக்காரர், எல்லோரும் வேலையை விட்டுப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். வேறொரு நாள் என்றால் மூன்றாவது அடியிலேயே வெட்கத்தில் விழுந்திருப்பேன். அன்றைக்கு வேறொருவரையும் நான் பார்க்கவில்லை. கூட்டிப்போகவும் கூடாது, குறைத்துப்போகவும் கூடாது என்று என் காலை மட்டும் பார்த்து எண்ணினேன். ஐம்பத்திரண்டில் நின்றேன்.

"தொண்ணூற்று மூண்டு," என்றார். "தப்பியிட்டியள். மேலை ஏறுற குழாய் வேறை கணக்கு, அது கேக்கமாட்டன்."

பிறகு சில விசயம் சொன்னார். குழாய் வழுக்குவதற்கு முதலில் தண்ணீராகக் கரைத்த சீமெந்து விடவேண்டும், அதற்கு இரண்டு பை எங்கள் பக்கம். முடிந்ததும் கழுவ இரண்டு பீப்பாய் தண்ணீர் நிரப்பி வைக்கவேண்டும். அவை ஆயத்தமில்லாமல் நின்று நேரம் போனால் அந்த நேரமும் எங்கள் காசுதான். நான் ஒவ்வொன்றையும் திருப்பிச் சொல்லிக் காட்டினேன்.

"இப்ப ஓம் எண்டு சும்மா சொல்லேல்லைத்தானே?" என்று கேட்டார்.

"இல்லை," என்றேன்.

வெளிக்கிடும்போது அந்தப் பெண் என் கையைப் பார்த்தாள். இரண்டாயிரமும் இன்னும் அங்கேதான் இருந்தது.

"சும்மா கொண்டுவந்ததெண்டால் காசைத் தாங்கோ ஆச்சி," என்று சிரித்துக்கொண்டே வாங்கிப் பெட்டிக்குள் போட்டாள். வேண்டாம் என்று ஒருவார்த்தைக்குக்கூடச் சொல்லவில்லை. எனக்கு அது மிகவும் பிடித்திருந்தது.

வந்த கையோடு மேசன் வீட்டுப் படலைக்குப் போனேன். போகும் சூட்டிலேயே கேட்டால்தான் உண்டு. அவர் கிணற்றடியில் முகம் கழுவிக்கொண்டிருந்தார்.

"தம்பி, வாற கிழமை, கொங்கிறீட் போடுற புதன், விடிய ஐஞ்சரைக்கு வர ஏலுமோ?"

"நான் நாலரைக்கே எழும்பிற ஆள் அக்கா. அஞ்சு மணிக்கு வாறன். வேறை என்ன?"

"வேறை ஒண்டுமில்லை."

"உதைக் கேக்கவோ முகமெல்லாம் வேர்த்து வந்து நிக்கிறியள்?"

நாலு நாளாக நான் தூக்கித் திரிந்த பாரத்தை அவர் துவாயால் முகம் துடைத்த நேரத்துக்குள் இறக்கி வைத்துவிட்டார். மகளிடம், ஐயர் சொன்ன மற்ற நேரம்தான் திறமாம், மேசனுக்கும் அதுதான் வசதியாம், பம்ப் ஏழுக்கு வரட்டுமாம் என்று மட்டும் சொன்னேன். அவள் கொப்பி திருத்திக்கொண்டே, "அதுவும் நல்லதுதான்," என்றாள்.

புதன்கிழமை விடிய மேசன் ஒரு தாச்சி கலவை குழைத்தார். மகளும் மருமகனும் ஏணியில் ஏறி அதை ஈசான மூலையில் கொட்டினார்கள். கர்ப்பூரம் கொளுத்தித் தேங்காய் உடைத்தோம். நான் கீழே, கிணற்றடியோடு தள்ளி நின்றேன். "அக்கா, நீங்களும் ஒரு கை போடுங்கோ," என்று மேசன் தாச்சியின் அடியில் கொஞ்சம் மிச்சம் வைத்துக் கீழே கொண்டுவந்து நீட்டினார். நான் ஒரு பிடி எடுத்துத் தூணின் அடியில் வைத்தேன்.

ஏழு மணிக்கு ஐந்து நிமிடம் இருக்க பம்ப் வந்தது. ஒழுங்கை நீளத்துக்கும் குழாய் பொருத்தினார்கள். கடைசிக் குழாய் சுவரடியில் வந்து முடிந்தபோது பம்ப்காரர் என்னைப் பார்த்து விரலை உயர்த்திக் காட்டினார். இரண்டு பை சீமெந்து கரைத்து வைத்திருந்தேன். மூன்று பீப்பாய் தண்ணீர் இருந்தது, ஒன்று பயத்துக்கு. கலவை ஓடத் தொடங்கியதும் குழாய் பாம்பு இரை விழுங்கியதுபோல் துள்ளியது. எனக்கு அந்த இரைச்சல் காதுக்கு இதமாகத்தான் இருந்தது. இரைந்தால் வேலை நடக்கிறது. நின்றால்தான் பயம். ஒருமுறை நின்றது. லொறி மாறுவதற்காம். அந்த ஆறு நிமிடமும் நான் சுவர் மணிக்கூட்டுக்கு முன்னால் நின்றேன்.

பத்து முப்பத்தைந்துக்கு முடிந்தது. கழுவிக் குழாய் கழற்றி முடிந்தபோது பதினொன்றுக்கு எட்டு நிமிடம் இருந்தது. பற்றுச்சீட்டில் நாற்பத்தையாயிரம். ஒரு சதம் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. மகள் காசை எண்ணிக் கொடுத்தாள்.

"அடுத்த மாம்பழக் காலத்திலை மேல் மாடியும் கட்டுங்கோ," என்று பம்ப்காரர் சொன்னார்.

"என்ன மாம்பழம்?" என்றாள் மகள்.

"அம்மா சொல்லேல்லையோ?"

நான் பழைய வீட்டுக் குசினிக்குள் போய்விட்டேன். அங்கிருந்து கேட்டுக்கொண்டிருந்தேன். போன், மாம்பழம், ஐம்பத்திரண்டு காலடி, ஒன்றும் விடாமல் சொன்னார். சொல்லி முடித்ததும் மகள் சிரிக்கும் சத்தம் கேட்டது. பம்ப் போன பிறகு குசினி வாசலில் வந்து நின்றாள். கண்ணெல்லாம் ஈரம்.

"இருபத்துநாலாயிரத்துக்கு என்ன செய்ய இருந்தனீங்கள் அம்மா?"

"அதுதானே போனனான்," என்றேன்.

அவள் அடுப்பில் கிடந்த தேத்தண்ணியை எடுத்து எனக்கு ஊற்றித் தந்தாள்.

புதுக் கொங்கிறீட்டுக்கு நாளாந்தம் தண்ணீர் கட்டவேண்டும். நாலு பக்கமும் சீமெந்தால் சின்ன வரம்பு கட்டி, நடுவில் தண்ணீர் நிற்கவிடவேண்டும். அந்த வேலையை நான் எடுத்துக்கொண்டேன். மேசன் கைபிடி வைத்து ஒரு ஏணி கட்டித் தந்திருந்தார். ஆவணிக் கடைசியில் ஒரு காலை, நான் மேலே நின்று குழாயால் தண்ணீர் விட்டுக்கொண்டிருக்கும்போது மகளும் மருமகனும் கலியாணத்துக்கு வெளிக்கிட்டுப் போனார்கள். மகள் அரக்கு நிறக் கூறைச் சேலை கட்டியிருந்தாள். ஒழுங்கையில் பாதி தூரம் போய்விட்டாள். மருமகனோடு கதைக்க முகத்தைத் திருப்பியபோது பார்த்தால் கழுத்து வெறுமையாகக் கிடந்தது. ஒரு கணம் எனக்குத் திக்கென்றது. அவள் தலைப்பை இழுத்துச் சரிசெய்தபோதுதான் தெரிந்தது, கொடி சேலைத் தலைப்புக்குள் மறைந்துகிடக்கிறது.

"பிள்ளை!" என்று கத்தினேன். "கொடி உள்ளுக்கை கிடக்கு! எடுத்து வெளியிலை விடு!"

ஒழுங்கையில் போன சைக்கிள்காரர் நின்று மேலே பார்த்தார். முன் வீட்டுக்காரி வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தாள். மகள் திரும்பி என்னைப் பார்த்துச் சிரித்து, சேலைத் தலைப்பை விலக்கி, கொடியை இரண்டு கையாலும் எடுத்து வெளியே விட்டாள். வெயிலில் அது நல்ல மஞ்சளாகத் தெரிந்தது. அவர்கள் றோட்டில் ஏறிப் போகும் வரைக்கும் நான் பார்த்துக்கொண்டு நின்றேன். காலடியில் தண்ணீர் வரம்பு தாண்டி ஓடத் தொடங்கியிருந்தது.